புள்ளியும் பள்ளியும்

செட்டிநாட்டு ஊரொன்றில் “உங்க ஊர் எத்தனை புள்ளி?” என்று கேட்டால் மக்கள்தொகை பதிலாக வராது. நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) வழக்கில் புள்ளி என்பது கல்யாணமான கணவன் மனைவி இருவரும் சேர்ந்த ஒரு கணக்கு. கல்யாணத்துக்கு நகரக் கோயிலிலிருந்து மாலை வரும். அந்த மாலையோடு தம்பதி கோயில் கணக்கில் ஏறிவிடுவார்கள். இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி, இரணியூர், பிள்ளையார்பட்டி என்று ஒன்பது கோயில்கள். யார் யாருக்குப் பங்காளி, யார் வீட்டில் பெண் எடுக்கலாம் என்பதெல்லாம் இந்த ஒன்பதை வைத்துத்தான். மகன் அப்பாவின் வளவிலேயே, அதாவது அதே பெரிய வீட்டிலேயே குடியிருந்தாலும், தனிக்குடித்தனமாக வேறு வைத்துவிட்டால் அடுப்பு தனி, செலவு தனி, புள்ளியும் தனி.

மதத்துக்குச் சமூகத்தில் என்ன இடம் என்ற பேச்சை நான் இந்தப் புள்ளியிலிருந்து தொடங்குவதற்குக் காரணம் இருக்கிறது. இந்த வட்டாரத்தில் கோயில் வெறும் கும்பிடும் இடமாக இருந்ததில்லை. கல்யாணப் பதிவு அங்கே, உறவுப் பட்டியல் அங்கே, வரி வசூல் அங்கே. பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் கடை வைத்திருந்த காலத்தில், பேரேட்டில் மகமை என்று ஒரு கணக்கு இருந்தது. வரவில் ஒரு சிறு பங்கு சாமி பேரில் ஒதுங்கும். அந்தப் பணம் உண்டியலில் தூங்காமல் வட்டிக்குப் போகும். அந்த வட்டியில்தான் சத்திரம், ஊருணி, பாடசாலை எல்லாம் எழுந்தன. காசியில் இன்றும் நகரச் சத்திரத்திலிருந்து விசுவநாதர் பூசைக்குத் தினமும் சாமான் போகிறது.

கணக்கில் ஏறியவருக்குக் கடமையும் உண்டு, உரிமையும் உண்டு. ஊர்க் கோயில் செலவுக்குப் புள்ளிக்கு இவ்வளவு என்று வரி விழும். கோடீசுவரப் புள்ளியும் நொடித்துப்போன புள்ளியும் கணக்கில் ஒரு புள்ளிதான். திருவிழாவை நடத்தும் முறை வந்த முறைக்காரர் செலவை எழுதி, திருவிழா முடிந்ததும் கூட்டத்தில் படிக்க வேண்டும். வரி கொடுத்தவன் வாய் திறந்து கேட்பான். மதம் ஒரு சமூகத்துக்குச் செய்த மிகப் பெரிய நன்மை இதுதான் என்பது என் எண்ணம்: தெரியாத ஊரில் கடன் கொடுக்கும் அளவுக்கு நம்பிக்கையையும், சொந்த ஊரில் கணக்குக் கேட்கும் துணிச்சலையும் ஒரே ஏற்பாடு வளர்த்தது.

இது எங்கே பழுதாகிறது என்றும் சொல்ல வேண்டும். புள்ளிகள் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் போன பிறகு, புள்ளி வரியால் மட்டும் கோபுரத்துக்கு வர்ணம் அடிக்க முடியாது. அப்போது ஒருவர் முன்வந்து கும்பாபிஷேகச் செலவு முழுவதையும் ஏற்கிறார். நல்ல மனசுதான். ஆனால் அடுத்த கூட்டத்தில் அவரிடம் யார் ரசீது கேட்பது? முழுச் செலவையும் ஒருவரே கொடுக்கும் திருப்பணியில் கணக்குப் படிக்கும் வழக்கம் முதலில் சாகும். இதற்கு மருந்து எளியது. பெரிய கொடை வந்தாலும் புள்ளி வரியை நிறுத்தக் கூடாது. நூறு ரூபாயாவது விதித்து வசூலிக்க வேண்டும். வரி நின்ற இடத்தில் கேள்வி கேட்கும் உரிமையும் நின்றுவிடுகிறது. இன்னொரு பழுது பழையது. இணையை இழந்தவரை அரைப்புள்ளி என்று எண்ணுவது. வரியில் சலுகை காட்ட வந்த ஏற்பாடாக இருக்கலாம். ஆனால் கணக்கில் அரையாக எழுதப்பட்ட ஆச்சி, கூட்டத்திலும் அரையாகத்தான் நடத்தப்படுவாள். வரியைப் பாதியாக்குங்கள், ஆளைப் பாதியாக்க வேண்டாம்.

இதற்கெல்லாம் மேலே ஒன்று. கோயிலுக்குப் பூக் கட்டுகிறவர், தேர்ச் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுகிறவர், நாயனம் வாசிக்கிறவர், பந்தக்கால் ஊன்றுகிறவர் யாரும் புள்ளியில் இல்லை. அவர்களுக்கு மரியாதை இருக்கலாம், கூலி இருக்கலாம். கணக்குக் கேட்க இடம் இல்லை. ஒரு சமூகத்தின் சொந்தக் கோயிலில் இது நடக்கலாம். அதே சமூகம் அதே தர்மப் பணத்தில் ஒரு பள்ளிக்கூடம் கட்டும்போது புள்ளி முறையும் கூடவே உள்ளே வந்துவிடக் கூடாது. இந்தப் பதிவில் நான் சொல்ல வருவது அவ்வளவுதான். மீதியெல்லாம் எப்படிச் செய்வது என்ற விவரம்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதில் தலைமையாசிரியர்களுக்கே குழப்பம் இருக்கிறது. அரசியல் சட்டத்தின் 28ஆவது பிரிவு பள்ளிகளை வகை பிரித்துப் பேசுகிறது. முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளியில் சமயப் போதனை கூடவே கூடாது. ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி, அரசு மேல்நிலைப் பள்ளி எல்லாம் இதில் அடங்கும். இரண்டாவது, ஓர் அறக்கட்டளை “சமயம் கற்பிக்க வேண்டும்” என்ற நிபந்தனையோடு நிறுவி, இப்போது அரசு நிர்வகிக்கும் பள்ளி. அதற்கு முதல் தடை பொருந்தாது. மூன்றாவது உட்பிரிவுதான் செட்டிநாட்டுக்கு முக்கியம். அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளியானாலும், அரசு உதவி பெறும் பள்ளியானாலும், அங்கே நடக்கும் சமயப் போதனையிலோ வழிபாட்டிலோ கலந்துகொள்ளும்படி எந்த மாணவரையும் கட்டாயப்படுத்த முடியாது. அவர் சம்மதம் வேண்டும். வயது வராதவர் என்றால் பெற்றோர் அல்லது பாதுகாவலரின் சம்மதம் வேண்டும்.

இந்த வட்டாரத்தில் அறக்கட்டளைகள் தொடங்கிய பழைய பள்ளிகள் பலவும் அரசு உதவி பெறுபவை. கட்டடம் அறக்கட்டளையுடையது, ஆசிரியர் சம்பளம் அரசுடையது. ஆகவே “நம்ம தாத்தா கட்டின பள்ளிக்கூடம், நம்ம சாமி பாட்டுத்தான்” என்பதும் தவறு, “உதவி வாங்கினால் சாமி பேரே சொல்லக் கூடாது” என்பதும் தவறு. சொல்லலாம், கட்டாயப்படுத்தக் கூடாது. 2024 ஆகஸ்டில் பழனியில் அறநிலையத் துறை நடத்திய முருகன் மாநாட்டில், கோயில்கள் சார்பில் நடக்கும் கல்வி நிலையங்களின் மாணவர்களைக் கொண்டு சஷ்டி காலத்தில் பாராயணம் செய்விக்க வேண்டும் என்று ஒரு தீர்மானம் வந்தபோது எழுந்த சண்டையில் இரு பக்கமும் இந்த மூன்றாவது உட்பிரிவை மறந்துவிட்டுப் பேசின. கோயில் பள்ளியில் பாராயணம் நடக்கலாமா என்பதைவிட, வேண்டாம் என்கிற பிள்ளை அந்த அரைமணி நேரம் எங்கே இருக்கும், என்ன செய்யும் என்பதுதான் பதில் சொல்லப்பட வேண்டிய கேள்வி.

காலைக் கூட்டத்தை எடுத்துக்கொள்வோம். கட்டாயம் பெரும்பாலும் யாரும் வாயால் சொல்லாமலே நடந்துவிடும். மணி அடிக்கிறது, வரிசை கட்டுகிறார்கள், பிள்ளையார் துதி, பிறகு தமிழ்த்தாய் வாழ்த்து, உறுதிமொழி, திருக்குறள், செய்தி. வருகைப் பதிவு வரிசையிலேயே எடுக்கப்படுகிறது. துதி முடிந்ததும் வாசற்கதவைச் சாத்தி, பிந்தி வந்தவர்களைத் தனியாக நிறுத்துகிறார்கள். இப்போது துதியில் கலந்துகொள்ள விரும்பாத ஒரு பிள்ளைக்கு என்ன வழி? வெளியே நின்றால் தாமதம் என்று பெயர், உள்ளே வந்தால் துதி. “நாங்க யாரையும் வற்புறுத்தலயே” என்று ஆசிரியர் சொல்வது உண்மையாக இருக்கலாம். நேர அட்டவணை வற்புறுத்துகிறது.

சரி செய்ய நான்கு மாற்றம் போதும். துதி இருக்க வேண்டும் என்று நிர்வாகம் விரும்பினால் அது முதல் மணிக்குப் பதினைந்து நிமிடம் முன்பு, ஒரு மண்டபத்திலோ மரத்தடியிலோ, வருகிறவர்களோடு நடக்கட்டும். முதல் மணிக்குப் பிறகு வரிசையில் எல்லாருக்கும் பொதுவானவை மட்டும். வருகைப் பதிவு வகுப்பறைக்குள் முதல் பாடவேளையில். துதி பாடுகிற பிள்ளைகளைக் கூட்டத்தின் மேடையில் நிறுத்துகிற பழக்கம் வேண்டாம். மேடை ஒரு பரிசு, அந்தப் பரிசு ஒரு மதத்தின் பிள்ளைகளுக்கு மட்டும் வருடம் முழுவதும் கிடைக்கும். நிர்வாகங்கள் இதில் பயப்படுவது, மணிக்கு முன் வைத்தால் யாரும் வர மாட்டார்கள் என்பதற்கு. வராவிட்டால், இத்தனை நாள் வந்தது பக்தியால் அல்ல என்று தெரிந்துகொள்ளலாம். பத்துப் பிள்ளை விரும்பி வந்து பாடுகிற பாட்டு, எண்ணூறு பிள்ளை வெயிலில் நின்று முணுமுணுக்கிற பாட்டைவிடச் சாமிக்கு உகந்தது என்று நம்புகிறேன்.

தமிழ்த்தாய் வாழ்த்து இதில் நல்ல பாடம். மனோன்மணீயம் சுந்தரனார் 1891இல் வெளியிட்ட நாடகத்தின் வாழ்த்துப் பகுதி அது. 1970இல் அரசு நிகழ்ச்சிகளுக்கு அதை எடுத்துக்கொண்டபோது சில வரிகளை விட்டார்கள். வடமொழியைப் பற்றிய வரி விடப்பட்டது எல்லாருக்கும் தெரியும். பரம்பொருளைத் தமிழுக்கு உவமையாகச் சொன்ன வரிகளும் அப்போதே விடுபட்டன என்பதைப் பலர் கவனிப்பதில்லை. 2021 டிசம்பரில் மாநிலப் பாடலாக அறிவிக்கப்பட்டது இந்தச் சுருங்கிய வடிவம்தான். 55 விநாடியில் பாட வேண்டும். கடவுளை ஏற்பவரும் ஏற்காதவரும் சேர்ந்து வாய் திறக்கக்கூடியதாக ஒரு பாட்டை எப்படி வெட்டுவது என்பதற்கு இதைவிட எடுத்துக்காட்டு வேண்டாம். பொதுப் பாட்டைக்கூடப் பாட மனம் ஒப்பாத பிள்ளை இருந்தால்? கேரளத்தில் யெகோவா சாட்சிகள் குடும்பத்துப் பிள்ளைகள் மூவர் நாட்டுப்பண் பாடாமல் மரியாதையாக எழுந்து நின்றதற்காகப் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார்கள். 1986இல் உச்ச நீதிமன்றம் அவர்களைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது. எழுந்து நின்றால் போதும், வாய் அசைய வேண்டியதில்லை. ஆசிரியர் அறையில் இந்தத் தீர்ப்பின் சாரத்தை ஒரு தாளில் எழுதி ஒட்டிவைக்கலாம்.

கத்தோலிக்கப் பள்ளிகளிடமிருந்து ஒன்றைக் கற்றுக்கொள்ள வேண்டும். தேவகோட்டையில் இயேசு சபையாரின் தே பிரித்தோ பள்ளி 1943 முதல் இருக்கிறது. ஓரியூரில் 1693இல் உயிர்விட்ட அருளானந்தரின் பெயர் அது. இந்துவும் முஸ்லிமும் கிறித்தவரும் அங்கே படித்தே வந்திருக்கிறார்கள். அத்தகைய பள்ளிகளில் நெடுங்காலமாக உள்ள நேர அட்டவணை உத்தி ஒன்று உண்டு: கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி, அதே பாடவேளையில் மற்றவர்களுக்கு நன்னெறி வகுப்பு. இரண்டு அறை, இரண்டு ஆசிரியர். யாரும் சும்மா வராந்தாவில் நிற்பதில்லை, யாரும் மற்றவர் சமயத்தைக் கேட்டு உட்கார வேண்டியதில்லை. சைவப் பள்ளியில் தேவார வகுப்பு வைக்க விரும்புகிறவர்கள் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். இந்த உத்தி கெடுவது ஓர் இடத்தில்தான்: நன்னெறி வகுப்புக்கு ஆள் ஒதுக்காமல், “அவங்க கிரவுண்டுல இருக்கட்டும்” என்று விடும்போது. அடுத்த வாரம் எல்லாப் பிள்ளையும் மைதானத்தைத்தான் கேட்கும். சண்டை அங்கே தொடங்கும்.

மதத்தைப் பற்றிக் கற்பிப்பது வேறு விஷயம். அதை விடக் கூடாது. 2002இல் அருணா ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம், சமயங்களைப் பற்றிய கல்வியும் சமயப் போதனையும் ஒன்றல்ல என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. தமிழ்ப் பாடநூல்களோ இதை எப்போதோ செய்துவிட்டன. தேவாரம், திருவாய்மொழி படிக்கிற அதே பிள்ளை உமறுப்புலவரின் சீறாப்புராணத்தையும் வீரமாமுனிவரின் தேம்பாவணியையும் படிக்கிறது. பழுது வருவது நூலில் இல்லை, நடத்துவதில். ஆசிரியர் தன் சமயப் பாடலுக்கு மூன்று பாடவேளை எடுத்து ராகத்தோடு பாடிக் காட்டிவிட்டு, அடுத்த பாடலை “பதவுரை பார்த்து எழுதிக்குங்க” என்று தள்ளிவிடுவார். எல்லாப் பாடலுக்கும் ஒரே அளவு நேரம், ஒரே வகைக் கேள்வி என்று துறைத் தலைவர் பாடத்திட்டக் குறிப்பேட்டிலேயே எழுதி வாங்க வேண்டும். பேசும் வாக்கியத்திலும் கவனம் தேவை. “சைவர்கள் இப்படி நம்புகிறார்கள்” என்றால் பாடம். “இப்படித்தான், நம்பணும்” என்றால் போதனை. எந்தப் பாடவேளையையும் இந்த ஒரு வினைச்சொல்லை வைத்துச் சோதித்துவிடலாம்.

செட்டிநாட்டில் இதற்குப் பக்கத்திலேயே கற்கும் இடங்கள் கிடக்கின்றன. பிள்ளையார்பட்டிக் குடைவரையில் பெருந்தச்சன் பெயர் சொல்லும் பழங்கல்வெட்டு இருக்கிறது. மாணவரைக் கூட்டிப்போனால் அர்ச்சனைச் சீட்டு வாங்காமல் முதலில் அந்த எழுத்தைக் காட்டலாம். கும்பிட விரும்புகிற பிள்ளை பிறகு கும்பிடட்டும். வரலாற்று ஆசிரியருக்குத் திருமயம் இன்னும் பெரிய புதையல். ஒரே பாறையில் சிவனுக்கும் பெருமாளுக்கும் பக்கத்துப் பக்கத்தில் குடைவரை. 13ஆம் நூற்றாண்டில் இரு கோயிலாருக்கும் வருவாய்ப் பங்கில் தகராறு முற்றி, 1245இல் போசளத் தளபதி அப்பண்ண தண்டநாயகன் முன்னிலையில் தீர்த்து வைத்துக் கல்லில் வெட்டினார்கள். எந்தச் சாமி பெரியது என்று அந்தத் தளபதி தீர்ப்புச் சொல்லவில்லை. எந்தக் கோயிலுக்கு எவ்வளவு வருவாய் என்று சொன்னார். அரசுக்கு மதத்தில் உள்ள வேலையின் எல்லை இதற்கு மேல் போக வேண்டியதில்லை.

அறநிலையத் துறை பற்றி என் கருத்தும் இதிலிருந்தே வருகிறது. சென்னை மாகாணத்தில் 1920களில் நீதிக்கட்சி ஆட்சியில் வந்த அறநிலையச் சட்டம், 1951 சட்டம், இன்று நடப்பிலுள்ள 1959 சட்டம் என்று நூறாண்டுக் கதை. 1954இல் சிரூர் மட வழக்கில் உச்ச நீதிமன்றம், கோயில் மடங்களின் வருமானத்தில் அரசு வாங்கிய பங்கைக் கட்டணம் அல்ல, வரி என்று சொல்லி அடித்துப்போட்டது. செய்த வேலைக்குக் கூலி வாங்கலாம், கொழுத்த கோயில் என்று பார்த்துப் பறிக்கக் கூடாது என்பது அதன் பொருள். தணிக்கை, நிலப் பாதுகாப்பு, ஊழியர் சம்பளம், யாரும் உள்ளே வரலாம் என்ற உறுதி ஆகிய இவை அரசு வேலை. அறங்காவலர் குழுவில் பட்டியல் சாதி அல்லது பழங்குடியினர் ஒருவரும் பெண் ஒருவரும் இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்வதும் அரசு வேலைதான். புள்ளி முறைக்கு வெளியே நின்றவர்களுக்குக் கிடைத்த முதல் நாற்காலி அது. எந்த மந்திரம், எத்தனை மணிக்குப் பூசை, யாருக்கு முதல் மாலை என்பவை அரசு வேலை அல்ல. அமைச்சருக்குப் பரிவட்டம் கட்டுவதற்காக நடையைத் திறந்துவைத்துக் காத்திருப்பதும் அதே போலத் தவறு. அரசு கோயிலுக்குள் வந்து ஆள்வதும் கோயில் அரசை வாசலில் வரவேற்று மயக்குவதும் ஒரே நோயின் இரு பக்கம்.

தேவகோட்டைப் பக்கம் கண்டதேவி சொர்ணமூர்த்தீசுவரர் கோயில் தேரை மறக்க முடியாது. ஆனித் தேரோட்டம். நான்கு நாட்டார், அதாவது சுற்றுவட்டார ஊர்த் தொகுதிகள் நான்கைச் சேர்ந்தவர்கள், வடம் பிடிக்கும் மரபு. பட்டியல் சாதியினரும் வடம் பிடிக்கலாமா என்ற தகராறில் நீதிமன்றம், தடை, காவல் என்று ஆண்டுக்கணக்கில் தேர் நின்றது. கடைசியில் 2024 ஜூனில் பலத்த காவலோடு ஓடியது. தேர் ஓடாமல் நின்ற ஆண்டுகளில் மரபு காப்பாற்றப்பட்டது என்று சொல்கிறவர்களிடம் நான் கேட்பது, தேரே ஓடாத மரபு எந்த மரபு? 17ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்துவிட்டது. 25ஆவது பிரிவு பொதுத்தன்மையுள்ள இந்து சமய நிலையங்களை எல்லா வகுப்பினருக்கும் திறந்துவிட அரசுக்கு இடம் தந்திருக்கிறது. இங்கே அரசு ஒதுங்கி நின்றால் அதற்கு நடுநிலை என்று பெயர் இல்லை. இந்தத் தேர் பற்றிச் சமூக அறிவியல் வகுப்பில் பேசத் தயங்குகிற பள்ளி, 17ஆவது பிரிவை மனப்பாடம் செய்ய வைத்து என்ன பயன்?

சாதி வருகிற இடத்தில் மதச் சின்னம் என்ற போர்வை அடிக்கடி போடப்படும். 2023இல் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவர் ஒருவரைச் சக மாணவர்கள் வீடு புகுந்து வெட்டிய சம்பவத்துக்குப் பிறகு அமைக்கப்பட்ட ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் கொடுத்த அறிக்கை, கைக் கயிறு, மோதிரம், நெற்றித் திலகம் மூன்றையும் பள்ளியில் தடுக்கச் சொன்னது. கயிறு பற்றி முழு உடன்பாடு. நிறத்தைப் பார்த்துச் சாதி சொல்லும் கயிறு சாமிக் கயிறு அல்ல. நெற்றித் திருநீற்றைத் தடுப்பதை நான் ஏற்கவில்லை. வீட்டில் பூசி அனுப்பியதை வாசலில் அழிக்கும் ஆசிரியர் ஒரு பகையை உண்டாக்குகிறார். ஆனால் பள்ளிக்குள் ஆசிரியர் தன் கையால் பிள்ளை நெற்றியில் பூசக் கூடாது. தலை மறைக்கும் துணிக்கும் இதே அளவுதான்.

அரசுப் பள்ளி வளாகத்தில் மரத்தடிச் சாமி வருவது பற்றி ஒரு வார்த்தை. முதலில் மஞ்சள் துணி சுற்றிய கல். பிறகு சூலம் அல்லது வேல். பிறகு நான்கு தூணும் தகரமும். தகரம் வந்த பிறகு எந்தத் தலைமையாசிரியராலும் தொட முடியாது. கல் நின்ற வாரமே கிராம நிர்வாக அலுவலருக்கும் வட்டாட்சியருக்கும் எழுத்தில் தெரிவித்து, ஒப்புகை வாங்கிக் கோப்பில் வைக்க வேண்டும். ஆக்கிரமிப்புச் சட்டம் 1905இலிருந்து இருக்கிறது; அதன் கீழ் அறிவிப்புக் கொடுக்கும் அதிகாரம் வருவாய்த் துறைக்குத்தான், பள்ளிக்கு இல்லை. பொது இடங்களில் அனுமதியின்றிப் புதிய வழிபாட்டிடம் எழும்பவே கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2009 செப்டம்பரில் இட்ட ஆணை எந்த மதத்துக்கும் விலக்குத் தரவில்லை. தலைமையாசிரியர் தானே கல்லைப் பிடுங்கப் போவதுதான் பெரிய தவறு; அடுத்த நாள் அது ஊர்ப் பிரச்சினை.

பங்குனியில் ஒலிபெருக்கி. காரைக்குடி முத்துமாரியம்மன் மாசி பங்குனித் திருவிழாவும் பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வும் ஒரே மாதத்தில் வருகின்றன. பால்குடத்தை யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. ஒலி மாசு விதிகள் 2000 பள்ளியைச் சுற்றி நூறு மீட்டரை அமைதிப் பகுதியாக அறிவிக்க வழி செய்கின்றன. இரவு பத்து மணி முதல் காலை ஆறு வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கிக்குத் தடை. நடைமுறையில் பயன் தருவது வேறு: திருவிழாக் குழு காவல் நிலையத்தில் ஒலிபெருக்கி அனுமதிக்கு எழுதும்போதே, தேர்வு நாள் பட்டியலைப் பள்ளி அவர்கள் கையில் கொடுத்துவிட வேண்டும். கூம்புக் குழாயை விட்டுப் பெட்டி ஒலிபெருக்கி, அதுவும் தரையிலிருந்து ஆள் உயரத்தில், கோயிலை நோக்கித் திருப்பி வைக்கட்டும். தேர்வு நேரத்தில் மேளம் போதும். ரேடியோ செட் கட்டுகிறவருக்கு இதை நேரில் சொல்ல வேண்டும். குழுத் தலைவருக்கு மட்டும் சொன்னால் கம்பத்தில் ஏறுகிறவருக்குத் தெரியாது.

கோயில் நிலத்தில் பள்ளி கட்டுகிறவர்களுக்கு: பட்டா சாமி பேரில் இருந்தால், ஐந்து ஆண்டுக்கு மேல் குத்தகைக்கு அறநிலையத் துறை ஆணையர் அனுமதி வேண்டும், 1959 சட்டத்தின் 34ஆவது பிரிவு. அனுமதியில்லாத நீண்ட குத்தகை செல்லாது. “நம்ம கோயில், நம்ம பள்ளி, எதுக்கு எழுத்து?” என்று விட்ட இடங்களில் இரண்டாம் தலைமுறைக்கு உரிமம் புதுப்பிக்கும்போது கட்டட உறுதிச் சான்று, தீயணைப்புச் சான்று எல்லாம் கையில் இருந்தும் நில ஆவணம் இல்லாமல் திண்டாட்டம். கட்டுவதற்கு முன் வாங்க வேண்டிய தாள் இது.

சாமி கும்பிடுகிறவர்களால் இதெல்லாம் நடக்குமா என்று கேட்பவர்களுக்கு, குன்றக்குடியைக் காட்டுவேன். குன்றக்குடி ஆதீனத்தின் தலைவராக இருந்த அடிகளார் 1925இல் பிறந்து 1995இல் மறைந்தவர். மடத்தின் பீடத்தில் இருந்துகொண்டே பெரியாரோடு பேசினார், பழகினார். 1977இல் காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகத்தின் விஞ்ஞானிகளைக் கூட்டிவந்து கிராமத் திட்டம் போட்டார். மடம் நிலத்தையும் செல்வாக்கையும் கொடுத்தது, ஆய்வகம் தொழில்நுட்பத்தைக் கொடுத்தது, பயன் கிராமம் முழுவதுக்கும். 1982இல் மண்டைக்காட்டில் இந்து கிறித்தவக் கலவரம் நடந்தபோது அமைதிப் பணிக்குப் போனார். அந்த ஆய்வகம் காரைக்குடிக்கு வந்ததே அழகப்பச் செட்டியார் கொடுத்த 300 ஏக்கராலும் 15 லட்சம் ரூபாயாலும். 1948 ஜூலையில் நேரு அடிக்கல் நாட்டினார். அதைக் கொடுத்தது மகமைப் பழக்கத்தில் ஊறிய கை. ஆனால் அந்த வளாகத்தில் படிக்க எந்தக் கோயிலின் மாலையும் தேவைப்படவில்லை. தர்மம் புள்ளிக்கு வெளியே போனால் அப்படித்தான் போக வேண்டும்.

அடுத்த ஜூன் சேர்க்கைக்கு முன் அறக்கட்டளைப் பள்ளிகள் செய்ய வேண்டியது ஒரே ஒரு தாள். சேர்க்கைப் படிவத்தோடு சேர்க்காமல் தனித் தாளாக இருக்கட்டும். படிவத்துக்குள் பொடி எழுத்தில் போட்டால் யாரும் படிக்காமல் கையெழுத்துப் போடுவார்கள். தமிழில், பெரிய எழுத்தில், இப்படி: “இப்பள்ளியில் முதல் மணிக்கு முன் வழிபாடும், வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் சமய வகுப்பும் நடைபெறும். இவற்றில் என் மகன் அல்லது மகள் கலந்துகொள்ளச் சம்மதிக்கிறேன் / சம்மதிக்கவில்லை. சம்மதிக்காத மாணவருக்கு அதே நேரத்தில் நன்னெறி வகுப்பு உண்டு. இந்த முடிவை ஆண்டின் எந்த நாளிலும் மாற்றிக்கொள்ளலாம்.” இரண்டில் வேண்டாததை அடித்துவிடச் சொல்லுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோருக்கு அலுவலக உதவியாளர் படித்துக் காட்டட்டும், வகுப்பாசிரியர் வேண்டாம். அவர் முகத்தைப் பார்த்து “சரிங்க சார்” என்றுதான் சொல்வார்கள். சேர்க்கை உறுதியாகி, ரசீது கைக்கு வந்த பிறகே தாளைக் கொடுக்க வேண்டும். முன்பே கொடுத்தால், இடம் கிடைக்காதோ என்ற பயத்தில் எல்லாரும் சம்மதம் என்றே எழுதுவார்கள். தாள்கள் தலைமையாசிரியர் பீரோவில் இருக்கட்டும், வகுப்பில் வாசிக்க வேண்டாம். பத்தாம் வகுப்புக்கு மேல் உள்ள பிள்ளைகளிடம் ஜனவரியில் ஒரு முறை தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள். ஜூனில் அப்பா எழுதியது வேறாக இருக்கலாம்.